குட்டி மாதத்துக் கேள்விகள்

பிப்ரவரி பிறந்தால் அமெரிக்கப் பள்ளிகளில் கறுப்பின வரலாற்று மாதம். அங்கே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் அப்பா அம்மாக்களும், இங்கிருந்தபடி பேரன் பேத்தியின் வீட்டுப்பாடத்தை வீடியோவில் எட்டிப் பார்க்கும் தாத்தா பாட்டிகளும் அனுப்பிய கேள்விகள் மூட்டையாகச் சேர்ந்துவிட்டன. அவிழ்ப்போம்.

கேள்வி: கறுப்பின மக்களுக்கென்று ஒரு மாதம் ஒதுக்கினார்கள், சரி. அதையும் பன்னிரண்டில் குட்டியான மாதமாகப் பார்த்தா ஒதுக்க வேண்டும்?
– ஒரு தாத்தா, திருச்சி

பதில்: யாரும் ஒதுக்கவில்லை தாத்தா, அவர்களே எடுத்துக்கொண்டது. கார்ட்டர் வுட்சன் என்ற கறுப்பின வரலாற்றாசிரியர் 1926-ல் தொடங்கியபோது அது வெறும் ஒரு வாரம். லிங்கன் பிறந்தது பிப்ரவரி 12. அடிமையாகப் பிறந்து, தப்பி வந்து, நாட்டின் பெரிய பேச்சாளரான ஃபிரெடரிக் டக்ளஸுக்கு 14. டக்ளஸுக்குத் தன் பிறந்த தேதி தெரியாது; அவராக ஒரு நாளைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பிறந்தநாளையும் மக்கள் ஏற்கெனவே கொண்டாடி வந்தார்கள். ஓடுகிற வண்டியில் வுட்சன் தன் பாடத்தையும் ஏற்றிவிட்டார். 1970-ல் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அதை ஒரு மாதமாக நீட்டினார்கள். 1976-ல் அதிபர் ஃபோர்டு வழிமொழிந்தார். ஏழு நாளை இருபத்தெட்டாக்கியவர்களிடம் போய் 'மூன்று நாள் குறைகிறதே' என்றால் சிரிப்பார்கள்.

கேள்வி: யார் இந்த வுட்சன்? பெயரே கேள்விப்பட்டதில்லையே?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: இருபது வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தவர். அதுவரை? மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்கம். பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலையானவர்கள். சுரங்கத்தில் கூட வேலை பார்த்த ஒரு பெரியவர், உள்நாட்டுப் போரில் சண்டை போட்டவர், வீட்டில் புத்தகமும் செய்தித்தாளும் வாங்கி வைத்திருந்தார். ஒரே ஒரு குறை, அவருக்குப் படிக்கத் தெரியாது. வேலை முடிந்து வரும் தொழிலாளிகளுக்கு வுட்சன்தான் சத்தம்போட்டு வாசிப்பார். அதற்குக் கூலி, அங்கே கிடைக்கும் தின்பண்டம். அப்படி வாசித்த பையன் 1912-ல் ஹார்வர்டில் வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கினார். 1937-ல் பள்ளி ஆசிரியர்களுக்கென்றே ஒரு வரலாற்று இதழும் தொடங்கினார். தின்பண்டத்துக்கு இவ்வளவு நல்ல வட்டி வேறெங்கும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. இந்த வயதில் இதையெல்லாம் சொல்லலாமா?
– ஒரு அம்மா, டாலஸ்

பதில்: ரூபி பிரிட்ஜஸ் என்ற கறுப்பினச் சிறுமிக்கும் ஆறு வயதுதான். 1960 நவம்பர் 14 அன்று நியூ ஆர்லியன்ஸில், அதுவரை வெள்ளைப் பிள்ளைகள் மட்டும் படித்த தொடக்கப் பள்ளிக்கு மத்திய அரசின் நான்கு மார்ஷல்கள் நடுவில் நடந்து போனாள். வாசலில் கூச்சல் போட்ட கூட்டத்தைப் பார்த்து 'மார்டி கிரா' திருவிழா என்று நினைத்துக்கொண்டாளாம். அந்த ஊரில் தெருவடைத்துக் கூட்டம் என்றால் திருவிழாதானே! முதல் நாள் முழுவதும் தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளைக் கையோடு கூட்டிப் போய்விட்டார்கள். பிறகு வருடம் முழுக்க வகுப்பில் இரண்டே பேர்: ரூபியும், பார்பரா ஹென்றி என்ற ஆசிரியையும்.

வாசலில் ஒருவர் குட்டிச் சவப்பெட்டிக்குள் கறுப்புப் பொம்மையை வைத்துக்கொண்டு நின்றார். அதை உங்கள் மகளிடம் இப்போது சொல்ல வேண்டாம். காலி வகுப்பறையைச் சொல்லுங்கள். 'அப்போ ரூபி யார்கூட விளையாடினா?' என்று மகளே கேட்பாள். கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள், கேட்காததற்குக் காத்திருங்கள். ஆறு வயதுக்கு அநியாயம் புரியாது என்று நினைப்பவர்கள், இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு லட்டைப் பிட்டுக் கொடுத்துப் பார்க்கலாம்.

கேள்வி: 'அடிமை' என்று எழுதினால் 'அடிமைப்படுத்தப்பட்டவர்' என்று எழுதச் சொல்கிறார்களாமே. பரீட்சையில் கை வலிக்காதா?
– தமிழாசிரியர், கோவை

பதில்: வீட்டில் திருட்டுப் போனவரை 'திருட்டு' என்றா கூப்பிடுகிறோம்? அவருக்கு நடந்தது வேறு, அவர் வேறு. உங்களிடம் இலக்கணம் பேசப் பயமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்: செயப்பாட்டுவினைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. 'படுத்தப்பட்டவர்' என்று சொன்ன உடனே, 'யாரால்?' என்று பின்வரிசைப் பையன் எழுந்து கேட்பான். பாடம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கேள்வி: அப்படியானால் பாடநூலில் 'தொழிலாளர்கள்' என்று போட்டுவிட்டால் எல்லோருக்கும் மரியாதையாக இருக்குமே?
– அதே தமிழாசிரியர், அதே கோவை

பதில்: போட்டுப் பார்த்துவிட்டார்கள் ஐயா! டெக்சாஸில் ஒரு புவியியல் பாடநூல், ஆப்பிரிக்காவிலிருந்து தோட்டங்களுக்கு லட்சக்கணக்கில் 'தொழிலாளர்கள்' வந்ததாக எழுதியது. 2015-ல் அதைக் கண்டுபிடித்தது நிபுணர் குழு இல்லை, பதினைந்து வயது மாணவன். படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினான். அம்மா ஊருக்கே காட்டினார். பதிப்பகம் மன்னிப்புக் கேட்டுத் திருத்தியது. கூலி கிடையாது, லீவு கிடையாது, வேலையை விட்டுப் போகவும் முடியாது, பெற்ற பிள்ளையும் முதலாளியின் சொத்து: அப்படி ஒரு தொழிலாளி உண்டா?

இது இன்று நேற்றுப் பழக்கமும் இல்லை. முதல் உலகப் போர் முடிந்த கையோடு, தெற்கு மாநிலப் பெண்கள் அமைப்பு ஒன்றின் வரலாற்றாளர் மில்ட்ரெட் ரதர்ஃபோர்டு, பாடநூல்களை அளக்க ஓர் அளவுகோலையே அச்சடித்தார். அடிமை முதலாளிகளைக் கொடியவர்கள் என்று சொல்லும் நூலை நிராகரியுங்கள். நூலகத்தில் இருந்தால் அட்டையில் 'தெற்குக்கு அநீதியானது' என்று எழுதிவையுங்கள் என்பது அவர் வழிகாட்டல். வரலாறு தெரியாதவர்கள் இப்படி வேலை செய்ய மாட்டார்கள். நன்றாகத் தெரிந்தவர்கள்தான் செய்வார்கள்.

கேள்வி: வகுப்பில் பாதிப் பேர் முதலாளி, பாதிப் பேர் அடிமை என்று நாடகம் போட்டால் மனதில் பதியுமே?
– பகுதி நேர ஆசிரியை, சார்லட்

பதில்: பதியும், தப்பாகப் பதியும். வகுப்பில் ஏலம் விடுவதுபோல நடிக்கவைத்துவிட்டு, மறுநாள் பெற்றோருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிய பள்ளிகள் அமெரிக்காவில் உண்டு. நெருப்பு சுடும் என்று சொல்லித்தர விரலையா வைக்கச் சொல்வோம்?

பதிலாக ஒரு காகிதத்தைக் கொடுங்கள். அன்றைய செய்தித்தாள்களில், தப்பி ஓடியவரைப் பிடித்துத் தந்தால் சன்மானம் என்று விளம்பரங்கள் வரும். அடையாளத்துக்காக முதலாளி எல்லாவற்றையும் எழுதியிருப்பார்: தச்சு வேலை தெரியும், ஃபிடில் வாசிப்பார், பேச்சில் கெட்டிக்காரர், பக்கத்து மாவட்டத்தில் மனைவி இருக்கிறார், அங்கே போயிருக்கலாம். ஆளைச் சரக்கு என்று நினைத்தவர், தன்னையும் அறியாமல் ஒரு முழு மனிதரை எழுதிக் கொடுத்திருக்கிறார். பிள்ளைகளிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: 'இந்த ஆளைப் பற்றி உனக்கு என்னென்ன தெரிந்தது?' பிறகு நீங்கள் வாயே திறக்க வேண்டாம்.

கேள்வி: கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தது ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்று என் மகன் போஸ்டர் ஒட்டிவிட்டான். ஒட்டலாமா?
– ஒரு அப்பா, சான் ஹோசே

பதில்: கிழித்துவிடுங்கள், பசை காய்வதற்குள். கடலை அரைத்த பசைக்குக் கனடாக்காரர் ஒருவர் 1884-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். கார்வர் செய்தது அதைவிடப் பெரிய காரியம். பருத்தி போட்டுப் போட்டு மண் செத்துப்போன தெற்கில், கடலையும் காராமணியும் மாற்றிப் பயிரிட்டால் மண் தேறும் என்று ஏழை விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். விளைந்த கடலையை என்ன செய்வது? 1916-ல் கடலைச் சமையல் 105 வகை என்று சிறு நூலே வெளியிட்டார். 'கடலை வெண்ணெய்க்காரர்' என்று ஒட்டுவதை விட 'மண் வைத்தியர்' என்று ஒட்டினால் போஸ்டருக்கும் அழகு.

கேள்வி: மெத்தை விரிப்பில் ரகசியக் குறியீடு தைத்து, தப்பி ஓடியவர்களுக்கு வழி காட்டினார்களாமே? என் பேத்தி அழகாக வரைந்து வந்தாள்.
– ஒரு பாட்டி, தஞ்சாவூர்

பதில்: படம் அழகு பாட்டி, ஆதாரம்தான் இல்லை. 1999-ல் வந்த ஒரு புத்தகத்தால் பரவிய கதை; வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஹேரியட் டப்மன் 300 பேரை மீட்டார் என்பதும் அப்படித்தான் ஊதிப் பெருத்தது. ஆய்வாளர் கணக்கு, சுமார் பதின்மூன்று பயணம், எழுபது பேர். எழுபது குறைவா? தான் தப்பி வந்த இடத்துக்கே, தலைக்கு ஆபத்து என்று தெரிந்து, பதின்மூன்று தடவை திரும்பிப் போன காலை நினைத்துப் பாருங்கள். போதாதென்றால், 1863-ல் தென் கரோலினாவின் கம்பாஹீ ஆற்றில் ராணுவப் படகுகளுக்கு வழிகாட்டி ஒரே இரவில் எழுநூறுக்கும் மேற்பட்டவர்களை மீட்டிருக்கிறார். உண்மையிடமே இவ்வளவு இருக்கும்போது இரவல் நகை எதற்கு?

கேள்வி: எப்படியும் விடுதலை கொடுத்தது லிங்கன்தானே?
– வாசகர், சேலம்

பதில்: விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்து அவருடையது. அதற்கு முன்பே, உள்நாட்டுப் போரின்போது தோட்டங்களை விட்டு ஓடிவந்து வடக்குப் படை முகாம்களின் வாசலில் நின்றவர்கள், 'எங்களை என்ன செய்யப் போகிறீர்கள்?' என்ற கேள்வியை அரசாங்கத்தின் மேஜையில் வைத்துவிட்டார்கள். பிறகு சுமார் 1,80,000 கறுப்பினச் சிப்பாய்கள் அந்தப் படையில் சண்டை போட்டார்கள். கல்யாணப் பத்திரிகையில் அப்பா பெயர் இருக்கும். பந்தியில் வியர்த்தவர்கள் பெயரையும் ஒரு தடவை கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: நாங்கள் வந்தது 2004-ல். முதலாளியும் இல்லை, அடிமையும் இல்லை. என் பையன் எதற்கு இதைப் படிக்க வேண்டும்?
– ஒரு அப்பா, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: முதல் காரணம், உங்கள் மாநிலச் சட்டம். 2002-ல் வந்த 'அமிஸ்டாட்' சட்டப்படி நியூ ஜெர்சிப் பள்ளிகள் இந்த வரலாற்றைப் பாடத்தில் சேர்த்தாக வேண்டும். 1839-ல் தங்களை ஏற்றிச் சென்ற கப்பலையே கைப்பற்றி, அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1841-ல் ஜெயித்த ஆப்பிரிக்கர்களின் கப்பல் பெயர்தான் அமிஸ்டாட்.

இரண்டாவது காரணம், உங்கள் விசா. 1923-ல் பகத் சிங் திண்ட் என்ற இந்தியர் குடியுரிமை கேட்டபோது, 'நீ வெள்ளையர் இல்லை' என்று உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. 1946-க்குப் பிறகும் இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு நூறு பேருக்குத்தான் குடியேற இடம். அந்த நாட்டுவாரிப் பங்கீட்டை ஒழித்த குடியேற்றச் சட்டம் வந்தது 1965-ல். சிவில் உரிமைச் சட்டம் 1964, வாக்குரிமைச் சட்டம் 1965 ஆகஸ்ட், குடியேற்றச் சட்டம் அதே வருடம் அக்டோபர். நிறத்தைப் பார்த்து ஆளை எடை போடக்கூடாது என்று தெருவில் அடி வாங்கியவர்கள் திறந்த கதவு அது. நீங்கள் ஏசி விமானத்தில் வந்து நுழைந்தீர்கள். கதவைத் திறந்தவர் பெயரைப் பையன் தெரிந்துகொள்ளட்டுமே.

கேள்வி: இந்தியப் பள்ளிக்கூடம் எதுவாவது இந்தக் கதைக்குள் வருகிறதா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், நாகர்கோவில்

பதில்: உன் பக்கத்து மாநிலமே வருகிறது தம்பி. 1959-ல் மார்ட்டின் லூதர் கிங் இந்தியா வந்தபோது கேரளத்தில் ஒரு பள்ளிக்குப் போனார். பெரும்பாலும் தலித் பிள்ளைகள். தலைமையாசிரியர் அவரை, 'அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டப்படாதவர்' என்ற பொருளில் அறிமுகம் செய்தார். கிங்குக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு தன் நாட்டில் தன் மக்கள் நிலையை நினைத்துப் பார்த்து, ஆமாம், நானும் அதுதான் என்று ஒப்புக்கொண்டதாக 1965-ல் தேவாலயத்தில் பேசினார். நோபல் பரிசு பின்னால்தான் வந்தது. அவருக்கே பாடம் எடுத்தது ஒரு பள்ளிக்கூடம்.

கேள்வி: வகுப்பில் ஒரே ஒரு கறுப்பினப் பையன். இந்தப் பாடம் ஆரம்பித்ததும் எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்க்கிறார்களாம். என்ன செய்வது?
– ஒரு அம்மா, சியாட்டில்

பதில்: முக்கியமான கேள்வி, கிண்டலை ஓரமாக வைக்கிறேன். 1940-களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளத் தம்பதி கறுப்பினக் குழந்தைகள் முன் பொம்மைகளை வைத்தார்கள். நிறம் தவிர எல்லாம் ஒன்று. நல்ல பொம்மை எது? பலர் வெள்ளையைக் காட்டினார்கள். கெட்டது எது? பழுப்பு. கடைசிக் கேள்வி: உன்னைப் போல இருக்கும் பொம்மை எது? சில குழந்தைகள் அழுதுகொண்டு அறையை விட்டே ஓடிவிட்டார்கள். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954-ல் வந்த தீர்ப்பில் இந்த ஆய்வும் இடம் பிடித்தது.

சங்கிலியிலிருந்து பாடத்தைத் தொடங்கினால் அந்தப் பையனை நீங்களும் பொம்மைக்கு முன்னால் நிறுத்துகிறீர்கள். கைத்திறனிலிருந்து தொடங்குங்கள். தென் கரோலினாவின் சதுப்பில் நெல் விளைந்தது மேற்கு ஆப்பிரிக்க உழவர்களின் அறிவால். உமி போக அவர்கள் பின்னிய முறத்தின் கைவேலையை அவர்கள் வழிவந்தவர்கள் சார்ல்ஸ்டன் பக்கம் இன்றும் கோரைப்புல்லில் பின்னுகிறார்கள். 'இதைத் தெரிந்தவர்களைத்தான் பிடித்துக்கொண்டு போனார்கள்' என்று பிறகு சொல்லுங்கள். எல்லோரும் முறத்தைப் பார்ப்பார்கள், அவனையல்ல.

கேள்வி: முறம் வந்தால் சமையலும் வருமே. வீட்டில் என்ன செய்து கொடுக்கலாம்?
– சமையல் பிரியை, சிகாகோ

பதில்: கடைக்கே போக வேண்டாம், உங்கள் அடுப்பங்கரையில் இருக்கிறது. வெண்டைக்காய் போட்டு லூசியானாவில் கொதிக்கும் 'கம்போ' குழம்பின் பெயரே, ஆப்பிரிக்க மொழிகளில் வெண்டைக்காயின் பெயரிலிருந்து வந்தது. காராமணியும் சோறும் சேர்ந்தால் புத்தாண்டன்று தெற்கில் சாப்பிடும் 'ஹாப்பின் ஜான்'. எள்ளு பிஸ்கட் சார்ல்ஸ்டனில் பிரசித்தம். எள்ளுக்கு அங்கே 'பென்னி' என்று மேற்கு ஆப்பிரிக்கப் பெயர். இந்தியத் துணைக்கண்டத்தில் முதலில் பயிரான எள், ஆப்பிரிக்கா போய், அடிமைக் கப்பலில் கடல் தாண்டி, பிஸ்கட்டாக உங்கள் கைக்கு வந்திருக்கிறது. எள்ளுருண்டை பிடித்துக்கொண்டே வரைபடத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: பழைய புண்ணைக் கிளறாமல் மறந்துவிட்டால் நிம்மதிதானே?
– ஓய்வு பெற்ற அதிகாரி, சென்னை

பதில்: ஓக்லஹோமாவில் முயன்று பார்த்தார்கள். 1921-ல் டல்சா நகரின் க்ரீன்வுட் பகுதியில் கறுப்பின மக்களின் முப்பத்தைந்து தெருச் சதுக்கங்கள் எரிக்கப்பட்டன. பல பத்தாண்டுகள் பாடநூலில் ஒரு வரி கிடையாது. அதே ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் தலை நரைத்த பிறகுதான் கேள்விப்பட்டார்கள். மறதியால் நிம்மதி வந்தது உண்மை, கொளுத்தியவர்களுக்கு.

கேள்வி: படிக்கவே விடாமல் வைத்திருந்தார்களாமே. எழுத்தைக் கண்டு அவ்வளவு பயமா?
– எட்டாம் வகுப்பு மாணவி, ஈரோடு

பதில்: தென் கரோலினாவில் 1740-லேயே சட்டம்: அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் நூறு பவுண்டு அபராதம். டக்ளஸ் சிறுவனாகப் பால்டிமோரில் இருந்தபோது எஜமானி அ, ஆ சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார், கணவர் தடுத்துவிட்டார். பையன் விடவில்லை. வீட்டில் ரொட்டி இருந்தது, தெருவில் பசித்த வெள்ளைப் பிள்ளைகள் இருந்தார்கள். ரொட்டி கொடுத்தான், பாடம் வாங்கினான். எழுத? கப்பல் பட்டறையில் எந்தப் பலகை எந்தப் பக்கத்துக்கு என்று தச்சர்கள் ஓரிரு எழுத்து கிறுக்குவார்கள். அந்த நாலு எழுத்தைப் பார்த்துப் போடப் பழகிக்கொண்டு, தெருப் பையன்களிடம் 'உன்னைவிட நான் நன்றாக எழுதுவேன்' என்று சவால் விட்டான். அவர்கள் வீம்புக்கு மீதி எழுத்தையெல்லாம் எழுதிக் காட்டினார்கள். வேலி, செங்கல் சுவர், நடைபாதை எல்லாம் சிலேட்டு, சுண்ணாம்புக்கட்டி பேனா. நாளைக்கு ஹோம்வொர்க் எழுத அலுப்பாக இருந்தால் இவனை நினைத்துக்கொள்.

கேள்வி: ரோசா பார்க்ஸ் பேருந்தில் எழுந்திருக்க மறுத்தது கால்வலியாலா, கொள்கையாலா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: வயது 42, கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைச் செயலாளராகப் பல வருடம். களைப்பு காலில் இல்லை, பொறுமையில் என்று அவரே பிற்பாடு விளக்கினார். அவர் கைதான 1955 டிசம்பர் 1 இரவு, ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை இரண்டு மாணவர்களோடு விடிய விடிய சைக்ளோஸ்டைல் எந்திரத்தைச் சுற்றிப் பல்லாயிரம் துண்டறிக்கை எடுத்தார். அப்படித் தொடங்கித்தான் மான்ட்கமரி நகர மக்கள் 381 நாள் பேருந்து ஏறாமல் இருந்தார்கள். போஸ்டரில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். சைக்ளோஸ்டைல் மை யார் கையில் என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள்.

கேள்வி: எல்லாம் சரி. பள்ளியில் ஒரு மாதம் பாடம் நடத்துவதால் உலகத்தில் என்ன மாறிவிடப் போகிறது?
– அலுத்துப்போன ஆசிரியர், ஊர் வேண்டாம்

பதில்: அதே மான்ட்கமரி, அதே 1955, ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பு. கிளாடெட் கோல்வின், வயது 15. அவள் பள்ளியில் ஒரு வாரத்தோடு நிறுத்தாமல் பிப்ரவரி முழுக்கக் கறுப்பின வரலாறு நடந்தது. அடிமைத்தனத்தை எதிர்த்த ஹேரியட் டப்மன், சோஜர்னர் ட்ரூத் என்று ஆசிரியைகள் விடாமல் சொல்லிக்கொடுத்தார்கள். மார்ச் 2 அன்று பள்ளி விட்டுப் பேருந்தில் வரும்போது, வெள்ளைப் பெண்ணுக்கு இடம் விட எழுந்திரு என்றார் ஓட்டுநர். கிளாடெட் எழவில்லை. ஒரு தோளை டப்மனும் மறு தோளை ட்ரூத்தும் அழுத்திப் பிடித்து உட்காரவைத்தது போலிருந்தது என்று பின்னாளில் சொன்னார். போலீஸ் விலங்கு மாட்டி இறக்கியது. அடுத்த வருடம், பேருந்துப் பிரிவினையை உச்ச நீதிமன்றம் வரை போய் ஒழித்த வழக்கின் நான்கு பெண்களில் அவரும் ஒருவர்.

பாடம் முடிந்தது பிப்ரவரி 28. கைது மார்ச் 2. நடுவில் ஒரே ஒரு நாள். போய் வகுப்பை எடுங்கள் ஐயா, மணி அடித்துவிட்டது.